தலைவரின் மாடும் மரவில்லையும்

ஏரிக்கரைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் தாய்மொழியான லுவோ பேசினால் கழுத்தில் கயிற்றில் கோத்த மரவில்லை தொங்கும். கென்யாவில் எத்தனையோ பள்ளிகளில் உள்ள வழக்கம்தான். இங்கே ரோஸ்லின் டீச்சர் கொண்டுவந்த சட்டம். வில்லை மாட்டியவர், லுவோ பேசும் இன்னொருவரைப் பிடித்து அவர் கழுத்தில் மாட்டித் தப்பிக்கலாம். பள்ளி விடும்போது யாரிடம் இருக்கிறதோ அவர் கழிவறை கழுவ வேண்டும். இங்கிலீஷ் வளர்ந்ததோ இல்லையோ, ஒட்டுக்கேட்கிற புத்தி நன்றாக வளர்ந்தது.

அன்று வில்லை அபோண்டியின் கழுத்தில். சாயங்காலம் பக்கத்துப் பள்ளியோடு நெட்பால் போட்டி. கோல் போடுகிறவளே அவள்தான். யாராவது வாய் தவற மாட்டார்களா என்று காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். போட்டியைத் தவறவிட யாருக்கு மனசு வரும்? வகுப்பே வாயைப் பூட்டிக்கொண்டது.

பாடம் ஒரு நீதிக்கதை. அடுத்தவர் சோளத்தில் மேய்கிற மாட்டைப் பிடித்துக்கொள்வேன் என்று ஊர்த்தலைவர் சட்டம் போடுகிறார். கடைசியில் அவருடைய மாடே மேய்ந்துவிடுகிறது. டீச்சர் இங்கிலீஷில் வாசித்தாள், நடித்தாள், கரும்பலகையில் மாடு வரைந்தாள்.

"இந்தக் கதையின் நீதி என்ன?"

"எஸ், டீச்சர்!" என்றது வகுப்பு ஒரே குரலில்.

டீச்சருக்குப் பொறுமை போயிற்று. சுத்தமான லுவோவில் பொரிந்து தள்ளினாள்.

"அட மக்குப் பசங்களா! ஊரான் மாடு மேஞ்சா புடிப்பாராம், தன் மாடு மேஞ்சா வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பாராமா? அதையும் புடிக்கணுமா, வேண்டாமா?"

எல்லா முகமும் மலர்ந்தது. புரிந்துவிட்டது! டீச்சரும் சிரித்தாள். பிறகுதான் வகுப்பு மூச்சுவிடாமல் அபோண்டியைப் பார்ப்பது தெரிந்தது.

அபோண்டி வில்லையைப் பிடித்தபடி எழுந்தாள். அதைக் கழற்றிக் கையில் எடுத்தாள். இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"மேடம்... சட்டம்... எல்லாருக்கும் ஒண்ணு. அதுதான் நீதி."

'உட்காரு' என்ற சொல் டீச்சரின் நுனிநாக்கு வரை வந்தது. அதை மாட்டிக்கொள்ளக் குனிந்தால் மதிப்புப் போகும்; குனியாவிட்டால் இத்தனை நேரம் சொன்ன கதை பொய்யாகும். காது மடல் சுட்டது. குனிந்தாள். அபோண்டி மாட்டிவிட்ட கயிறு கழுத்தை அறுத்தது. இத்தனை நாள் பிள்ளைகள் கழுத்தில் மாட்டினோமே, ஒருநாளாவது போட்டுப் பார்த்தோமா என்று வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வில்லையும் துடைப்பமுமாகக் கழிவறைக்கு நடந்தாள். எதிரே வந்த மாணவன் ஒடுண்டோ லுவோவில் கத்தினான்.

"டீச்சர்! எங்க வீட்டுல இன்னைக்கு மீன் குழம்பு!"

பின்னாலேயே இன்னொருத்தி: "எங்க ஆடு குட்டி போட்டிருக்கு டீச்சர்!"

குறும்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர்கள் ஓடவில்லை. கத்திவிட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆட்டம் முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்த அபோண்டியும் லுவோவிலேயே பேசினாள்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்! இனிமே எனக்கு வேலையில்ல. என்னையப் புடிங்க."

"போடி, போய்த் தண்ணி குடி," என்றாள் டீச்சர், அவளும் லுவோவில்.

வில்லை டீச்சர் கழுத்திலேயே கிடந்தது. பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருவரும் இங்கிலீஷ் பேசவில்லை.