அண்ணி உட்கார்ந்தால் இருட்டு

மூன்று நாளாக அண்ணியின் லேப்டாப் திரை திடீர் திடீரென்று இருண்டது. அண்ணி புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். நானூறு பக்கப் புத்தகம் ஒன்று பாதியில் நின்றது. லேப்டாப் பழுது பார்க்கும் கடைக்காரர் போனிலேயே, "டிஸ்ப்ளே போயிருக்கும், மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு.

அன்று எனக்கு லீவு. நான் லிப்ட் மெக்கானிக். பழுது என்று காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது.

"அவர் வர்றதுக்குள்ள நாமளே ஒரு தடவ பாத்துடலாம், அண்ணி."

வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினேன். அணைத்துப் போட்டேன். டிவியோடு கேபிளில் இணைத்து அண்ணியைத் தட்டச் சொன்னேன். திரை இருண்டபோதும் டிவியில் அண்ணியின் பக்கம் பளிச்சென்று இருந்தது.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. திரைதான் முரண்டு பிடிக்குது."

நான் உட்கார்ந்து பத்து நிமிடம் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அண்ணி உட்கார்ந்தாள். இரண்டே வரி, இருட்டு.

"பாத்தியா! என்னக் கண்டா மட்டும் கண்ண மூடிக்குது!"

"அதுக்கும் உன்கிட்ட பயம்தான்" என்றான் அண்ணன், சோபாவிலிருந்து. அண்ணி முறைத்ததில் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டான்.

நான் அண்ணியின் கைகளையே பார்த்தேன். இடது மணிக்கட்டு லேப்டாப்பின் ஓரத்தில் பட்டதும் திரை அணைந்தது. கையில் புதுக் கடிகாரம். அதன் பட்டையை ஒட்டவைப்பது காந்தம்.

"அண்ணி, இத எப்ப வாங்கினீங்க?"

"சனிக்கிழமை. ஏன்?"

"திரையும் அன்னிலேர்ந்துதானே மக்கர்? லிப்ட்லயும் இப்படித்தான், காந்தம் பக்கத்துல வந்தா சுவிட்ச் வேலை செய்யும். இதோட மூடியிலயும் ஒரு காந்தம் இருக்கும். உங்க பட்டையால மூடியச் சாத்திட்டீங்கன்னு நெனச்சு இது திரைய அணைச்சுடுது!"

அண்ணி கடிகாரத்தைக் கழற்றினாள். திரை விழித்தது. அருகில் கொண்டுபோனாள், அணைந்தது. விலக்கினாள், எரிந்தது. குழந்தை மாதிரி பத்துத் தடவையாவது செய்து பார்த்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. கடைக்காரர், கக்கத்தில் புதுத் திரையோடு. விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்குமோ என்று பயந்தேன். அவரோ தானும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"சார், உங்க லேப்டாப் திரையும் இருண்டு போகுதுன்னு காலையில பேசினோமே... உங்க கையில ஏதாவது காந்தம் வச்ச பட்டை இருக்கா? இருக்கா? கழட்டிட்டுப் பாருங்க."

போனில் பட்டையைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்துடுச்சு! வந்துடுச்சுங்க!" என்ற கூச்சல் நாங்கள் எல்லோரும் கேட்கும்படி போனிலிருந்து வந்தது.