காலண்டரில் கறுத்த முகம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. போன வருடம் மரக்காணம் உப்பளத்தில் நான் எடுத்த படம் ஓர் உப்பு வியாபாரியின் காலண்டரில் வந்தது. வெள்ளைவெளேரென்று உப்பு, தலையில் கூடையோடு ஒரு பெண், முகம் மட்டும் கன்னங்கரேல். எல்லோரும் கலை என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

(நிஜம் இதுதான்: கேமராவை மல்டி மீட்டரிங்கில் விட்டிருந்தேன். அது பிரேம் முழுக்க வெளிச்சத்தை அளந்து, உப்பு இப்படிக் கூசுகிறதே என்று குறைத்துவிட்டது. முகம் போயிற்று.)

2

‘அம்சவள்ளி உப்பளத்துக்கு வந்த முதல் நாள்…’ வேண்டாம், அடித்துவிடுகிறேன். சண்டையிலிருந்தே தொடங்கலாம்.

அம்சவள்ளியும் வசந்தாவும் ஒரே பாத்தியில் பதினெட்டு வருடச் சிநேகிதிகள். இருவருக்கும் புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. காலண்டரைப் பார்த்ததும் “இது நான்தான்” என்றாள் அம்சவள்ளி.

“உன் முதுகு எப்படி இவ்ளோ நிமிந்து இருக்கும்? அது நான்டி” என்றாள் வசந்தா.

அன்றோடு பேச்சு நின்றது. பத்து மாதம்!

எடுத்த எனக்கே அது யாரென்று தெரியாது.* கம்ப்யூட்டரில் படத்தை எவ்வளவு வெளுக்க வைத்துப் பார்த்தும் முகம் தெரியவில்லை.

* நான் முகத்தைப் பார்க்கவே இல்லை, உப்பைத்தான் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

3

முடிவு அ: ‘அது வசந்தா’ என்று பொய் சொல்லிவிடுகிறேன். அம்சவள்ளி அதைக் கேட்டு… (முடியவில்லை.)

முடிவு ஆ: இருவர் முகமும் தெரிய ஒரு புதுப் படம்! இன்று காலை உப்பளத்துக்கு ஓடினேன். ஸ்பாட் மீட்டரிங் நடுவில் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும். அதை முகத்தில் வைத்தால் முகம் வரும், உப்பு எக்கேடும் கெடட்டும்!

புள்ளி விஷயத்தை இருவரிடமும் சொல்லிவிட்டு, “ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கக்கா” என்றேன்.

“அவ கூடயா? நான் நிக்க மாட்டேம்பா” என்றாள் அம்சவள்ளி.

வசந்தா கேட்டாள்: “புள்ளிய யாரு மூஞ்சில வைப்ப?”

இருப்பது ஒரே புள்ளி. கேமராவை இறக்கினேன்.

4

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அம்சவள்ளி கூடையை நிரப்பினாள். நிறைந்த கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. குனிந்தபடியே நின்றாள், யாரையும் கூப்பிடவில்லை.

வசந்தா வந்து மறுபக்கம் பிடித்தாள். “தூக்குடி.”

ஐயோ, இதுதான் படம்! கேமராவை உயர்த்தினேன். புள்ளி இரண்டு முகங்களுக்கும் நடுவில், கூடை உப்பின் மேல் இருக்கிறது. அமுக்கினால் இரண்டும் மறுபடி கறுப்பு. புள்ளியை நகர்த்துவதற்குள் இருவரும் பிரிந்துவிடுவார்கள்.

ஆனால் இந்தத் தடவை யார் எவரென்று எனக்குத் தெரியும்.

வாசகரே, கேமராவைப் பிடியுங்கள். அமுக்குவீர்களா, நகர்த்துவீர்களா? சீக்கிரம், கூடை ஏறுகிறது…