பாட்டில்லாத இசைத்தட்டு

அந்த இசைத்தட்டில் பாட்டே கிடையாது என்று ஸ்ரீராகவ் போனில் சொன்னபோது, எப்சிக்குத் தம்பி மேல்தான் முதலில் கோபம் வந்தது. தட்டு சுழற்ற இரண்டு டர்ன்டேபிள், ஒரு லேப்டாப், நடுவில் ஒரு பெட்டி, கட்டில் அடிவரை வயர்கள். இவ்வளவும் வாங்கிப் போட்டவன் பாட்டுள்ள தட்டாக ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா?

"அப்பிடி இல்லக்கா," என்றான் ஸ்ரீராகவ். தம்பி ஜெபஸ்டினோடு டிஜே நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்த சிநேகிதன் அவன். "பாட்டெல்லாம் லேப்டாப்ல இருக்கு. தட்டுல இருக்கது வெறும் கீச்சுச் சத்தம். ஊசி அதைப் படிச்சு, தட்டு எந்தப் பக்கம் சுத்துது, எவ்வளவு வேகமா சுத்துதுன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லும். தட்டு முன்னால போனா பாட்டு முன்னால போவும். கையால பின்னால இழுத்தா பாட்டும் பின்னால வரும். ஊசி உள்வட்டத்துக்கு வந்துட்டா, எடுத்து வெளி ஓரத்துல வைங்க. விட்ட எடத்துலேர்ந்து தொடரும்."

"நான் என்ன படிக்கணும், அதைச் சொல்லு."

"முதல் பாடம், தட்டுல விரலை வச்சு முன்னால தள்ளுங்க, பின்னால இழுங்க. தள்ளுங்க, இழுங்க. அவ்வளவுதான்."

எப்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டிஜே ஆகும் ஆசை அவளுக்குக் கனவில்கூட இருந்ததில்லை. பேட்டையில் சித்தி மகள் டார்லினின் கல்யாண வரவேற்புக்கு வாசிக்கிறேன் என்று ஜெபஸ்டின் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்குள் ஆறு அவனைக் கொண்டுபோய்விட்டது. "அவன் குடுத்த வாக்கை நீ நிறைவேத்து," என்று அம்மா சாரம்மாள் சொன்னாள். அடக்கத்துக்குப் பிறகு அம்மா முழுசாகச் சொன்ன முதல் பேச்சு அது.

அதுவரை அம்மாவுக்குச் சோறும் இறங்கவில்லை, உறக்கமும் இல்லை. குதிகால் வலிக்காக வாங்கிய ரப்பர் செருப்பைத் தரையில் சர்ர், சர்ர் என்று தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபடியே இருப்பாள். சில நாள் அந்தச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும். கொக்கிரகுளத்தில் அவர்கள் வீட்டிலிருந்து படித்துறைக்கு நடந்தே போய்விடலாம். எப்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். தம்பி போனது போனதுதான். அம்மாவும் அவன் பின்னால் போய்விடக் கூடாது என்கிற பயம் அவளை ராப்பகலாகத் தின்றது. அந்த அம்மா தட்டைச் சுற்றச் சொன்னால் சுற்ற வேண்டியதுதான்.

எர்த் வயரை மாட்டியதும் உர்ர் என்ற இரைச்சல் நின்றது. அதற்கே எப்சி தன்னை மெச்சிக்கொண்டாள். சிவப்பு, வெள்ளை வயர்களைக் கிடைத்த ஓட்டைகளில் குத்தினாள். பாட்டு வரிசையில் கடைசியாக இருந்த பெயர் 'ஆறு'. பாட்டுக்கு நடுவே கலக்கவென்று ஜெபஸ்டின் ஊர்ச் சத்தங்களைப் பதிந்து வைப்பான். கடைசி நாள் படிக்கல்லில் ரெக்கார்டரை ஓடவிட்டுத்தான் குதித்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்ததை ஸ்ரீராகவ் லேப்டாப்பில் ஏற்றினான். யாருக்கும் அதைக் கேட்கும் தைரியம் வரவில்லை.

கேட்க வேண்டாம் என்று நினைத்தபடியே அதைத் திறந்தாள். திரையில் ஓடிய கோட்டின் கடைசியில் விரல் பட்டு, பதிவு அதன் முடிவுக்குத் தாவியது. ஊசியை வைத்தாள்.

தண்ணீர்ச் சத்தம். அது மட்டும் வெகுநேரம். பிறகு தண்ணீர் எதையோ துப்பியது போல ஒரு சத்தம். உடனே, வெகு பக்கத்தில், தம்பியின் குரல். வார்த்தை ஒன்றும் வார்த்தையாக இல்லை, எல்லாம் தலைகீழ். ஆனால் தொண்டை அவன் தொண்டை.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "வெளிய வந்துட்டாம்லா?"

எப்சி ஸ்ரீராகவுக்குப் போன் போட்டு, குரல் தலைகீழாக வருவதைச் சொன்னாள். "வலது எடது மாறிப்போச்சுக்கா," என்று அவன் சிரித்தான். "புதுசா வாரவங்க எல்லாரும் பண்ணுத தப்புதான். வயரை மாத்திக் குத்துங்க, நேரா ஓடும்."

வயரைத் தொட்ட அவள் கையை அம்மா இறுகப் பிடித்தாள். "மாத்தாதட்டி. நேரா ஓடுனா அவன் உள்ள விழுவான்."

அன்றைக்கு அம்மா ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு வயரை மாற்ற எப்சிக்கு மனம் வரவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆற்றைப் பின்னால் ஓட்டினாள். தம்பி தண்ணீரை விட்டு வெளியே வந்தான். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள், சாப்பிட்டாள், உறங்கினாள். வரவேற்பைப் பற்றி இருவருமே மறந்துபோனார்கள்.

ஒருநாள் குரலோடு அது நிற்கவில்லை. பதிவின் தொடக்கத்தைத் தாண்டி, திரையில் நேரத்துக்கு முன்னால் மைனஸ் குறி வந்தது. சப், டப். சப், டப். வார் அறுந்து தைத்த ஜெபஸ்டினின் செருப்பு, படி ஏறும் சத்தம்.

"மைனஸ்ல ஒண்ணும் இருக்காதேக்கா," என்றான் ஸ்ரீராகவ். "பாட்டு ஆரம்பிக்கதுக்கு முந்தின வெத்திடம் அது."

வெற்றிடம் நடந்தது. விட்ட இடத்திலிருந்து மறுநாளும் நடந்தது. சர்ச் மணியின் ரீங்காரம் எங்கிருந்தோ வீங்கி வந்து, கடைசியில் ஓர் அடியாக முடிந்தது. மாவு மில்லின் இரைச்சல் கடந்தது. அது அவர்கள் தெருமுனை. வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போனவன் அதே வழியில் பின்னோக்கித் திரும்பிக்கொண்டிருந்தான். எப்சி ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள். அம்மாவோ தலை வாரிப் பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். "பைய வரட்டும்," என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கரில் கேட் கிறீச்சிட்டது. வாசலிலும் கிறீச்சிட்டது.

எப்சி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நல்ல வெயில். கேட்டுக்கு உள்ளே ஜெபஸ்டினின் முதுகு. வாரிய தலை, தேய்த்த சட்டை, ஒரு சொட்டு ஈரமில்லை. தெருவைப் பார்த்தபடி வீட்டை நோக்கிக் காலைப் பின்னால் எடுத்து வைத்தான். சப், டப். அப்போது ஊசி உள்வட்டத்துக்கு வந்துவிட்டது. தூக்கிய குதிகால் தூக்கியபடி அவன் நின்றான்.

"ஊசியை எடுத்து வைட்டி," என்று கெஞ்சினாள் அம்மா. எப்சி அசையவில்லை. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து முற்றத்துக்குப் போனாள். அவன் முகத்தைப் பார்க்க அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த முகம் எப்படி இருக்கும் என்று எப்சிக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம். அம்மா அதைப் பார்த்துவிடக் கூடாது. வந்த வழியே அவனை அனுப்பிவிட வேண்டும். வயர்களைப் பிடுங்கி, சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிக் குத்தி, ஊசியை வெளி ஓரத்தில் வைத்தாள். முதல் தடவையாக எல்லாம் நேராக ஓடியது. கேட் கிறீச்சிட்டது. சப், டப். சப், டப். சத்தம் விலகியது. எப்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பியைத் தன் கையாலேயே ஆற்றுக்கு அனுப்புகிறோமே என்று அழுதாள்.

அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று கேட்டது. சர்ர், சர்ர்.

நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்தில் யாருமில்லை. கேட் திறந்து கிடந்தது. "அம்மா!" என்று தெருவுக்கு ஓடினாள். வெயிலைத் தவிர தெருவில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் ஸ்பீக்கரில் இரண்டு சோடிச் செருப்பு மாவு மில்லைத் தாண்டியது. மணி அடித்து ரீங்காரமாகத் தேய்ந்தது. படி இறங்கும் சத்தம் தொடங்கியபோது எப்சி பாய்ந்து வந்து தட்டின்மேல் கையை வைத்தாள்.

அடியில் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்க, தட்டு மட்டும் நின்றது. பின்னால் இழுத்தாள். சர்ர், டப். வருகிறார்கள். விரல் எரிய எரிய இழுத்தாள். மில் வந்தது, தெரு வந்தது, கேட் வந்தது. அம்மாவை மட்டும் பிரித்து இழுக்க எந்த வயரும் இல்லை. இரண்டு முதுகுகள் முற்றத்தைக் கடந்து, வாசற்படி ஏறி, உள்ளே வந்தன. அவள் தலையைத் தூக்கவில்லை. பக்கத்து நாற்காலி முனகியது. அம்மாவின் பவுடர் வாசனை வந்தது.

கையை நிறுத்தியதும் நாற்காலியில் அம்மா சிலையாக உறைந்துவிட்டாள். வாய் பாதி திறந்திருந்தது, மூச்சு இல்லை. தட்டிலிருந்து கையை எடுத்தால் மறுபடி எழுந்து ஆற்றுக்கு நடப்பாள்.

எப்சி கொஞ்சம் முன்னால் தள்ளினாள். அம்மாவின் மார்பு ஏறியது. பின்னால் இழுத்தாள். இறங்கியது. மேசையில் போன் அடித்தது. திரையில் ஸ்ரீராகவின் பெயர். எடுக்க அவளுக்குக் கை இல்லை. தள்ளினாள், இழுத்தாள். அம்மா மூச்சு விட்டாள். நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு மூச்சும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது.