அவள் பக்கம் சாய்ந்த செடிகள்

தேற்றாத்தீவில் இலட்சுமிப்பிள்ளையின் வீட்டுக்குள் இருந்த செடிகள் வெயிலைப் பார்த்து வளரவில்லை, அவளைப் பார்த்து வளர்ந்தன. அவள் அடுப்படிக்குப் போனால் இலைகள் அடுப்படிப் பக்கம் திரும்பும். கிணற்றடிக்குப் போனால் சன்னல் கம்பிக்குள்ளால் தலை நீட்டும். இது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, மாரி முடிந்த கையோடு தொடங்கியது. ஊரார் நாலு நாள் வந்து பார்த்தார்கள். ஐந்தாம் நாள் வெள்ளாமை வெட்டப் போய்விட்டார்கள்.

அந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குக் குடி வருவான். வளவும் வீடும் அவள் பேரில் இருக்கும். அவளுடைய புருசன் இளையதம்பி ஒரு மண்வெட்டியும் ஒரு துணி மூட்டையுமாக வந்தவன். கரடியனாற்று வட்டை வயல்வெளியில், நிலக்காரப் போடியார் ஒருவரிடம் கூலி வேலை. பத்து நாளைக்கு ஒருக்கால் வீடு வருவான். வரும்போதெல்லாம் வீட்டுக்குள் பச்சை கூடியிருந்தது. நிலைக்கு இரண்டு பக்கமும் குறோட்டன், வாய் உடைந்த பானைகளில் பன்னச்செடி, தேங்காய்ப் பொச்சுமட்டையில் கட்டி முகட்டிலிருந்து தொங்கவிட்ட காட்டுப் பூக்கொடி, செப்புக் கிடாரத்தில் கோயில் குளத்துத் தாமரை. சுவரிலே விரித்த கமுகம் பாளையை வாடமுன்னம் மாற்றிவிடுவாள். பார்த்தவர்கள் சோடனை என்றால் இதுதான் என்றார்கள். இடம் போதாமல் இளையதம்பியின் பாய் முதலில் நடு அறையிலிருந்து விறாந்தைக்கும், பிறகு வாசற்படிக்கும் போயிற்று.

இடுப்பு முறிய வெட்டிவிட்டு வருகிற மனுசனுக்கு அது பொறுக்கவில்லை. செடிச் சாடி பதினாலையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். சோறு தின்று கை கழுவுவதற்குள் அவை பழையபடி திரும்பி நின்றன. வாவித் தண்ணீரை உப்போடு அள்ளி ஊற்றினான். பன்னச்செடி குடித்துவிட்டுப் புதுக்குருத்து விட்டது. முகம் மழித்து, வெள்ளைச் சாரம் உடுத்து அவற்றின் முன்னால் நின்றும் பார்த்தான். ஒரு இலையும் அசையவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று அறிய வேண்டுமென்றாலும் அவன் இலைகளைத்தான் பார்த்தான். வயல் வாடியில் கூட வெட்டுகிற வினாயகமூர்த்தி எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்:

"என்னடாப்பா, உன்ட பொஞ்சாதிர வளவில பதினாலு மாப்பிள்ளை எண்டு கேள்வி. நீ எத்தினையாவது?"

"பதினஞ்சாவது. அதுவும் வாசலுக்கு வெளியில" என்றான் இன்னொருவன். இளையதம்பி சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனான்.

முப்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில், கண்ணகியம்மன் கோயில் சடங்குக்கு இலட்சுமிப்பிள்ளை நெல்லுக் குத்தப் போன பகல், அவன் பதினாலு சாடியையும் ஏறாவூர் உசனாரின் தோணியில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான். உசனாருக்கு ஒரு கலியாண வீட்டுச் சோடனைக்குச் செடி தேவைப்பட்டது. தோணி வாவியில் வடக்கே கால் மைல் போனது. பிறகு எல்லா இலைகளும் ஒரே நேரத்தில் கோயில் பக்கம் திரும்பின; தோணியும் திரும்பிற்று. உசனார் வடக்கே பார்த்துக் கம்பு ஊன்ற ஊன்ற அது தெற்கே போனது.

"தம்பி, முப்பது வருசம் இந்த வாவியில கம்பு ஊண்டினவன் நான்" என்றார் உசனார். "இது காத்துமில்ல, நீரோட்டமுமில்ல. உன்ட பொஞ்சாதி இழுக்கிறா. இறக்கிட்டுப் போறன், என்ன விட்டுடு வாப்பா."

தோணி ஒதுங்கிய கரையில் இலட்சுமிப்பிள்ளை நின்றாள். தலைமயிரெல்லாம் தவிடு.

"என்ன மச்சான், என்னக் கேக்காம ஏத்திக்கொண்டு போறீங்க?"

"வீடு உன்ட, வளவு உன்ட. எனக்குப் பாய் போட ஒரு முழம் இல்ல. எந்த நேரமும் இதுகள் உன்னையே பாத்துக்கொண்டு நிக்குதுகள்."

"ஓம், பாக்குதுகள்தான். நீங்க மூண்டு வருசமா என்னத்தப் பாத்தீங்க? இலையப் பாத்தீங்க. கன்னத்தில எண்ணெய் தெறிச்சுத் தழும்பு வந்து ஒரு வருசம். எந்தக் கன்னம், சொல்லுங்க பாப்பம்?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

சாடிகளை அவனே தூக்கி உள்ளே வைத்தான். வைத்துவிட்டுக் குறோட்டனுக்கும் தாமரைக் கிடாரத்துக்கும் நடுவில் குந்தி அவளைப் பார்த்தான். இடது கன்னம். அவள் அடுப்படிக்கு நடந்தபோது பதினாலு சாடியோடு அவன் கழுத்தும் திரும்பிற்று. அதற்குப் பிறகு அது நேராகவில்லை. வட்டையில் அவனைத் தேற்றாத்தீவுத் திசைக்கு நேரே போகிற வரிசையில்தான் வெட்ட விட்டார்கள். வேறு வரிசையில் விட்டால் வளைத்து வெட்டிக்கொண்டு அடுத்தவன் வயலுக்குள் இறங்கிவிடுவான். சப்பான் குண்டு போட்ட நாற்பத்திரண்டாம் வருடம் ஊர் சனம் மேற்கே ஓடியபோது இலட்சுமிப்பிள்ளை முன்னால் நடந்தாள், சாடி ஏற்றிய வண்டி மாடில்லாமல் பின்னால் வந்தது, அதன் மேல் இளையதம்பி இருந்தான். திரும்பி வந்த பிறகு அவன் தோளில் முளைத்த துளிரை நாவிதன் மயிரோடு சேர்த்துக் கத்தரித்துவிட்டான்.

பொறாமை மட்டும் போகவில்லை. நாற்பத்தாறாம் ஆண்டு ஒரு காலை, தாமரை இலையொன்று கிடாரத்தை மீறி அகல விரிந்து அவளை அவனுக்கு மறைத்தது. இளையதம்பி முறைத்தான், இலை விலகவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த இலட்சுமிப்பிள்ளை சுளகை வைத்துவிட்டு எழுந்து வந்து, கிடாரத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தாள்.