முழங்கையைத் தொட்டால் போதும்

மாவை எண்ணெயில் கொட்டியபோது மணி பதினொன்று. கார் நிறுத்தும் கொட்டகைக்கு அடியில் மூன்று கால் கேஸ் அடுப்பு, அதன்மேல் என் மாமனார் காலத்து இரும்புச் சட்டி. ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரியது. என் கணவன் ஓவீட் மரத்துடுப்பைப் பிடித்து அடியோடு வழித்துக் கிளறத் தொடங்கினான். நான் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அவன் இடப்பக்கம் ஒட்டி நின்றேன்.

எல்லாம் முதல் நாளே அவன் சொல்லி வைத்தது. "கடலை வறுக்குற வாசம் வந்தா முழங்கைல ஒரு தட்டு. காப்பிக்கொட்டை வாசம் வந்தா ரெண்டு தட்டு. ரெண்டாவது தட்டு விழுந்ததும் நான் வெங்காயத்தைக் கொட்டிருவேன். தொட்டா போதும் வெர்டி. வாயைத் தெறக்காத."

கம்போ என்கிற எங்கள் குழம்புக்கு உயிர், இப்படி வறுத்தெடுக்கிற இந்த ரூதான். மாவும் எண்ணெயும் கறுப்பின் ஓரம் வரைக்கும் போய், கருகாமல் நிற்க வேண்டும். அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். கருகிவிட்டால் ஒரு வழிதான். எவ்வளவு பெரிய சட்டியாக இருந்தாலும் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் கோழியைப் போட்டாலும் கசக்கும், இறாலைப் போட்டாலும் கசக்கும். பயந்துகொண்டு சீக்கிரமே இறக்கவும் முடியாது. வெளுத்த ரூ போட்டவன் என்று பெயர் எடுத்தவனை எங்கள் பக்கத்தில் சாகும்வரை விடமாட்டார்கள்.

ஓவீட்டுக்கு ஆகஸ்ட் மாதத்திலிருந்து மூக்கு இல்லை. ஆற்றங்கரை ரசாயன ஆலையில் தொட்டி கழுவுகிற வேலை அவனுக்கு. பத்தொன்பது வருடம் அதே தொட்டிகள். ஒரு நாள் குழாய் மூட்டு ஒன்று கசிந்தது. மூன்று நாள் மூக்கில் ரத்தம் வந்து நின்றது. நான்காம் நாள் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, "என்ன இது, வெந்நியைக் குடுக்குற?" என்றான். நரம்பு போய்விட்டது, இனி வராது என்று மருத்துவர் கையை விரித்தார். வாயு கசிவதை முகர முடியாதவனைத் தொட்டிக்குள் இறக்க மாட்டோம் என்று ஆலையிலும் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் அதில் சண்டைபோடக்கூட எங்களுக்கு வழியில்லை. முதுகுவலி, அதனால் நின்றுவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தான். என் அண்ணனுக்கும் அதே பொய்தான்.

பிறகு ஆறு மாதம். நான் நண்டு உரிக்கும் கொட்டகைக்குப் போய்விட்டு வருவேன். அவன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் பால் திரிந்து புளித்துப்போயிருந்தது தெரியாமல் முழுக் குவளையும் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ஒரு நாள் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். வாத்து வேட்டைக் காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் குளிக்கப் போனபோது தோட்டாக்களை எடுத்து என் வேலைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதனால்தான் துப்ரே வருகிறார் என்று கர்லி அண்ணன் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டேன். கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் எண்பது பேருக்குச் சோறு போடுகிற சமையல்கட்டு துப்ரே கையில். அங்கே ஒரு சமையல்காரன் வேண்டும். "மார்டி கிரா அன்னிக்கு என் மச்சான் கம்போவைச் சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்த மார்டி கிராதான் அன்றைக்கு; மறுநாள் சாம்பல் புதன். தவக்காலத்துக்கு முந்தின கடைசிச் சாப்பாடு என்பதால் எவனும் வயிற்றைக் காயவிட மாட்டான். குதிரையிலும் வண்டியிலும் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கோழியும் அரிசியும் கேட்கிற கூட்டம், கடைசியில் சாப்பிட வருவது எங்கள் வீட்டுக்கு. பதினோரு வருடமாக அப்படித்தான். கம்போவுக்கு ஓவீட் என்பது ஊரில் பேச்சு.

பதினொன்று நாற்பதுக்குத் துப்ரேயின் வண்டி வந்தது. கனத்த உடம்பு, வெட்டுக்காயம் நிறைந்த கைகள். கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"முதுகு இப்ப எப்படி?"

"துடுப்புப் போடுற அளவுக்கு இருக்கு" என்றான் ஓவீட்.

கடலை வாசம் வந்தது. தட்டினேன். அவன் தோள் இறங்கித் தளர்ந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

கூட்டம் மூன்று மணிக்கு வர வேண்டியது. மேற்கே மழை கறுத்ததால் பன்னிரண்டுக்கே வந்துவிட்டது. கந்தல் தைத்த சட்டையும் கம்பிவலை முகமூடியும் கூம்புத்தொப்பியுமாக நாற்பது பேர், பிடிலும் அக்கார்டியனும். கர்லி அண்ணன்தான் தலைவன். அவனுக்கு மட்டும் முகமூடி கிடையாது. வெள்ளைக்கொடியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"வீட்டுக்காரம்மா, மார்டி கிராக் கூட்டத்தை உள்ள விடுவீங்களா?"

வீட்டுக்காரிதான் பதில் சொல்ல வேண்டும். "வாங்க. போன வருசம் ஒடச்ச வேலியை இந்த வருசம் ஒடைக்காதீங்க" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

கொடி இறங்கியது. குதித்து ஓடி வந்தார்கள். ஒருவன் என் காலடியில் விழுந்து உள்ளங்கையை நீட்டிக் காசு கேட்டான். இன்னொருவன் என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி மேசைமேல் வைத்தான்.

"ஏ வெர்டி, கால்ல வேர் விட்டிருச்சா? ஆட வா!"

"அடுப்புல வேலை இருக்கு, விடுடா."

"அடுப்பை உன் புருசன் பாத்துக்குவான். அவன் என்ன கைக்குழந்தையா?"

துப்ரே சிரித்தார். மார்டி கிரா அன்றைக்கு வீட்டுக்காரி ஆட மாட்டேன் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். ஓவீட்டைப் பார்த்தேன். போ என்று தலையசைத்தான். சட்டியின் நிறம் அப்போது பழைய செப்புக்காசு போல இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பான் என்று நினைத்தேன்.

ஒரு பாட்டு என்றுதான் போனேன். ஒருவன் விட்டால் இன்னொருவன் பிடித்தான். முகமூடிக்குள்ளிருந்து பீர் நாற்றமும் வியர்வையும். இதற்கிடையில் யாரோ கோழியைப் பறக்கவிட, பாதிப் பேர் சேற்றில் அதைத் துரத்தினார்கள். சுற்றும்போதெல்லாம் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். ஓவீட் கிளறிக்கொண்டே இருந்தான். இடது முழங்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்திருந்தான், என் கை எட்டுவதற்குத் தோதாக. அதைப் பார்த்ததும் பிடித்தவனை மார்பில் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓடினேன்.

பாதி முற்றத்திலேயே வாசம் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் வெங்காயம், செலரி, குடைமிளகாய் எல்லாம் சட்டிக்குள் விழுந்து சீறின. கறுப்புப் புள்ளிகள் எண்ணெயில் மிதந்தன.

வேறு எந்த வீடாக இருந்தாலும் பெண்டாட்டி கத்தியிருப்பாள்: "கருக்கிட்டியேடா பாவி, கொட்டு வாய்க்கால்ல!" எல்லோரும் சிரித்து, ஆளுக்கு ஒரு கேலி சொல்லி, இன்னொரு பீரைத் திறந்திருப்பார்கள். மாவு இருந்தது, எண்ணெய் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் நான் கத்தினால் துப்ரே கேட்பார்: சட்டிக்கு மேலேயே நிக்கிறியே, உனக்குத் தெரியலையா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஓவீட் சட்டிக்குமேல் குனிந்தான். கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தான். நிமிர்ந்து துப்ரேயைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னா வாசம் பாத்தீங்களா!"

துப்ரே சிரிக்கவில்லை. கம்பத்தில் சாய்ந்திருந்தவர் மெல்ல நேராக நின்றார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கோழியும் தொத்திறைச்சியும் போட்டு இரண்டு மணி நேரம் கொதித்தும் கசப்பு போகவில்லை. குடித்திருந்தவர்கள் கொஞ்சம் சாப்பிட்டார்கள். குடிக்காதவர்கள் சோற்றையும் உருளைக்கிழங்கு சாலடையும் தின்றுவிட்டு, குழம்பை அப்படியே வைத்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. கர்லி அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான். எதற்கும் வாயை மூடாத கூட்டம் அன்றைக்கு அமைதியாகத் தின்றது. துப்ரே மட்டும் கிண்ணத்தைக் கடைசிவரை வழித்துச் சாப்பிட்டார். பிறகு வண்டி வரைக்கும் வா என்று என்னை அழைத்தார்.

"எத்தனை மாசமா?"

"எது?"

"முப்பது வருசமாச் சமைக்கிறேன் வெர்டி. எங்கிட்ட மறைக்காத."

"ஆகஸ்ட்லேர்ந்து."

சாவிக்கொத்தை உள்ளங்கையில் உருட்டினார். "மேடையில கேஸ் கசிஞ்சா மூக்குதான் மொதல்ல சொல்லும். எண்பது பேரு தூங்குற எடம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பப் பாத்த?"

என் வேலைப்பைக்குள் கிடக்கும் தோட்டாக்களை அவரிடம் எப்படிச் சொல்வது? "வீட்ல வச்சுக்கிட்டு என்ன பண்ணுறதுன்னு தெரியல" என்றேன்.

அவர் வண்டிக் கதவைத் திறந்தார், மறுபடி சாத்தினார். "கூப்பிடுறேன்னு சொல்லிட்டுப் போறேன்."

"வேண்டாங்க. இல்லைன்னே சொல்லிருங்க. காத்திருக்க வைக்காதீங்க."

"மார்டி கிரா அன்னிக்கா?" என்றார். கொட்டகைக்குப் போய் ஓவீட்டின் கையைக் குலுக்கி, தோளில் தட்டி, என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

நான்கு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மழை ஏமாற்றிவிட்டது. கிண்ணங்களை எடுக்கப் போனபோது வாய்க்கால் ஓரப் புல்லில் கம்போ கொட்டிக் கிடந்தது, ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, பத்துப் பன்னிரண்டு இடத்தில். அவன் பார்ப்பதற்குள் காலால் புல்லை மடக்கி மூடினேன். பார்த்துவிட்டிருந்தான்.

"குடிச்சுக் குடிச்சு வயித்துல எடமில்ல அவனுங்களுக்கு" என்றான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "கூப்பிடுறேன்னாரு. படகு திங்கக்கிழமை திங்கக்கிழமைதான் போகுமாம். என் பெரிய பை பரண்லதான இருக்கு?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் சுரண்டினான். "நீ ரெண்டாவது தட்டு தட்டவே இல்லையே?"

"விடமாட்டேன்னுட்டாங்க."

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." கரண்டி நின்றது. "அப்புறம் தொட்ட மாதிரி இருந்துச்சு. அதான் கொட்டுனேன்."

நான் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். சட்டியின் அடியிலிருந்து கறுப்புச் செதில்கள் பெயர்ந்து அவன் காலடியில் விழுந்தன. கருகல் நாற்றம் முற்றம் முழுவதும் நின்றது, துணிக்கொடியில் காயும் என் வேலைச்சட்டைகளிலும் ஏறியிருந்தது. அதன் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். போனைத் தண்ணீர் படாத இடம் பார்த்து, திரை மேலே தெரிகிற மாதிரி, இன்னொரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்தான். இரண்டு சுரண்டலுக்கு ஒரு முறை கையைத் துடைத்துக்கொண்டு அதைத் திரும்பிப் பார்த்தான்.