கத்தாத பிரேக்

அக்காவின் கார் நிற்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. "இந்தச் சத்தம் மண்டையைக் குடையுது, மாப்ள," என்றார் பின்சீட்டில் சாய்ந்திருந்த மாமா. அக்காவின் கணவர்; வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிற மனிதர். அவருக்கு இனி எதைத் தாங்கவும் தெம்பில்லை.

அக்காவின் தம்பிதான் மெக்கானிக். அவனுக்கும் தெம்பில்லை. காலையிலிருந்து ஒன்பது வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன், பத்தாவதாக அக்காவின் சக்கரத்தைக் கழற்றினான். பெடலை மிதித்தால் பிரேக் கட்டைகளான இரண்டு பேடும் சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடித்துப் பிடித்துத் தேய்வதுதான் அவற்றின் பிழைப்பு. புதிதில் சுண்டுவிரல் பருமன் இருந்தவை, இப்போது ஒரு நாணயத்தின் கனத்துக்கு வந்திருந்தன. ஓரத்தில் இருந்த சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தியது. மாற்றச் சொல்லிக் கத்துவதற்கென்றே வைத்த தகடு அது. ஆனால் இந்த வண்டிக்கான பேட் கையிருப்பில் இல்லை, திங்கட்கிழமைதான் வரும்.

குறடை எடுத்துத் தகட்டை டிஸ்க்கில் படாதபடி வளைத்துவிட்டான். இரண்டு நாள்தானே என்று நினைத்தான். அசந்த உடம்புக்கு எல்லாமே இரண்டு நாள் வேலைதான்.

"திங்கக்கிழமை மறக்காம கொண்டு வாக்கா, பேட் மாத்தணும்."

"சத்தமே போயிடுச்சே. உன் கை பட்டா போதும்டா," என்று அக்கா சிரித்தாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. சத்தம் இருந்திருந்தால் வந்திருப்பாள். அவனும் வேலை மும்முரத்தில் அதை அடியோடு மறந்தான். ஏழு வாரம் கழித்து, பல்பு தேடி அலமாரியைத் துழாவியபோது பிரிக்காத பேட் பெட்டி கையில் தட்டுப்பட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னவனே அவன்தான். அன்று மாமாவுக்கு டயாலிசிஸ் நாள். பெட்டியோடு ஸ்கூட்டரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

கார் நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவின் முடிவில், தூணில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது வண்டி. மாமா பக்கத்துப் படியில் உட்கார்ந்து நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா சாவியோடு வண்டியின் முன்னால் நின்றிருந்தாள்.

"ரெண்டு நாளா கரகரன்னு ஒரு சத்தம். நீ பாத்த வண்டியாச்சேன்னு விட்டுட்டேன்."

குனிந்து பார்த்தான். பேட் முழுக்கத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"அன்னைக்கு நான் எதையும் சரி பண்ணலக்கா. கத்துற தகட்ட மட்டும் வளைச்சு விட்டேன். புதுசு வந்ததும் கூப்பிட மறந்துட்டேன்."

"நான் தொணதொணத்ததாலதானே பண்ணான், விடும்மா," என்றார் மாமா.

அக்கா திட்டமாட்டாளா என்று அவன் ஏங்கினான். அவள் மாமாவைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கடா. வீட்டுக்குப் போய்ப் படு," என்றாள். "அந்தப் பெட்டிய மட்டும் குடு. வேற ஆள வச்சு மாட்டிக்கறேன்."

அவன் கொடுத்தான்.