தாங்கி ஒழுகவில்லை

தாங்கி காலியாக இருந்தது.

சச்சிதானந்தன் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே பித்தளைக் குண்டு மட்டும் டொக் டொக்கென்று மோதியது. நேற்று மத்தியானம் கழுத்துவரை எரிபொருள் ஊற்றி, பால்கனியில் பழைய பேப்பரின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். ஒரு இரவு ஒழுகாமல் நின்றால் ஆகாயத்திலும் ஒழுகாது என்பது அவன் நம்பிக்கை.

இன்று விக்டோரியா நாள் விடுமுறை. குளிர்காலம் முழுக்கப் பார்க்டேல் அபார்ட்மென்டின் சாப்பாட்டு மேசையில் அவன் கட்டிய ரேடியோ விமானம் இன்று பின்னேரம்தான் முதன்முதலாகப் பறக்கப் போகிறது. பறக்க எண்ணெய் நிற்க வேண்டுமே!

"இராசதுரை! தாங்கியைத் தொட்டனியோ?"

உள்ளறைக் கட்டிலிலிருந்து முனகல் வந்தது. "உன்ர தாங்கி ஒழுகுது மச்சான். ராவு நான் பாத்தன். சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டு இரிந்திச்சு."

"ஒழுகுதோ? நான் பொருத்திப் பூட்டின தாங்கியோ?"

"பெரிய எஞ்சினியர் இவர். போடா, தலை வெடிக்குது."

அறைத்தோழன் இராசதுரை மட்டக்களப்புக்காரன். வெள்ளிக்கிழமை அவன் மனைவி தவமலர் மகளோடு ஊரிலிருந்து வந்து இறங்குகிறாள். மகள் சுகந்தி பிறந்தபோது அவன் ஜேர்மனியில் அகதி முகாமில் கிடந்தான். இதுவரை அவன் பார்த்தது அவளுடைய ஒரு புகைப்படத்தை மட்டும். விசா கிடைத்த அன்று தவமலர் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இனிக் குடிக்கக் கூடாது. குடித்தால் வந்த விமானத்திலேயே திரும்பிவிடுவாள். "மகள்மேல சத்தியம்" என்று அவன் சொன்னபோது சச்சிதானந்தன் பக்கத்தில் நின்றான்.

சச்சிதானந்தன் தாங்கியைக் குசினித் தொட்டிக்குக் கொண்டுபோனான். உள்ளங்கையளவு வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல். வாயில் றப்பர் மூடி. மூடியைத் துளைத்து மூன்று பித்தளைக் குழாய்கள்: எஞ்சினுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, ஊற்றுவதற்கு ஒன்று. எஞ்சின் குழாயின் உள்முனையில் மெல்லிய சிலிக்கோன் ரியூப், அதன் நுனியில் அந்தக் குண்டு. விமானம் எப்படிக் குப்புறப் புரண்டாலும் குண்டு எண்ணெய் இருக்கும் பக்கம் விழும், எஞ்சின் குடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு குழாய்களை அடைத்து, மூன்றாவதில் வாய்வைத்து ஊதி, தண்ணீரில் அமுக்கினான்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

உள்ளே இராசதுரை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தான்.

"என்னடா செய்யுது? குடிச்சனியோ?"

"விசரா உனக்கு? நேத்து ஞாயிறு, சாராயக் கடையெல்லாம் பூட்டு. இண்டைக்கும் பூட்டு. இல்லாத சாமானை எங்க போய்க் குடிக்கிற? அது நேத்தைய மீன் கறி."

"உண்மையைச் சொல்லு."

"புள்ளமேல சத்தியம், ஒரு துளி தொடல்ல. போய் உன்ர ஓட்டையை அடை."

மகள்மேல் சத்தியம் செய்தவனை இன்னும் எப்படிக் கேட்பது? சச்சிதானந்தன் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டுத் தாங்கியிடம் திரும்பினான்.

திருகாணியைக் கழற்றி மூடியை இழுத்தான். குழாய் நுனியில் பிசிர் இருந்து ரியூப்பைக் கீறியிருக்குமோ? அரத்தால் தேய்த்தான். புது ரியூப் வெட்டினான். நீளம் கூடினால் குண்டு பின்சுவரில் முட்டிச் சிக்கும், குறைந்தால் கடைசி எண்ணெய் எட்டாது. இரண்டு தடவை வெட்டி எறிந்து மூன்றாவதில் சரியாக வந்தது. காற்றுக் குழாயைக் கூரையைத் தொடுமாறு வளைத்தான். திருகாணியை முறுக்க முறுக்க றப்பர் பிதுங்கிக் கழுத்தை இறுக்கியது. மறுபடி தண்ணீரில் அமுக்கினான்.

குமிழி இல்லை. முதலிலும் இல்லை, இப்போதும் இல்லை.

அப்படியானால் எண்ணெய் எங்கே போனது?

பால்கனிக்குப் போனான். பேப்பரைக் கையில் எடுத்தான்.

பேப்பர் மொடமொடவென்று சுத்தமாக இருந்தது. எரிபொருளில் பெரும்பங்கு மெதனோல். அது ஆவியாகிப் போகலாம். ஆனால் மீதி ஆமணக்கெண்ணெய். அது ஆவியாகாது. சொட்டுச் சொட்டாக ஊற்றியிருந்தால் பேப்பர் எண்ணெயில் ஊறித் தோசைக்கடைக் கடதாசிபோல் இருக்க வேண்டும்.

நேற்று ஊற்றும்போது நடந்த பேச்சு ஞாபகம் வந்தது.

"உது என்ன மச்சான், பெற்றோலா?"

"இல்லையடா. அல்ககோலும் ஆமணக்கெண்ணெயும்."

"அட, நம்மட சாமானும் பேதி மருந்துமா? உன்ர பிளேன் நம்ம ஊரான்தான்!"

இருவரும் சிரித்தார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட எரிபொருள் தகரத்தைச் சச்சிதானந்தன் கவனமாகக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினான். தாங்கியில் மட்டும் ஒரு எழுத்துமில்லை.

பால்கனி மூலையில், பூச்சட்டிக்குப் பின்னால், ஒரு கரண்டி. அதில் மஞ்சளாக ஒட்டிய எண்ணெய். பக்கத்தில் எரிந்த தீக்குச்சிகள்.

ஊரில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் வாங்குபவர்கள் கரண்டியில் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பார்கள். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. இராசதுரை ஊர் முறைப்படி சோதித்துவிட்டுத்தான் குடித்திருக்கிறான். மெதனோல் என்ற நச்சு அல்ககோலும் நீலமாகத்தான் எரியும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

பின்னால் கதவு உரசியது. சுவரைத் தடவிக்கொண்டு இராசதுரை நின்றான். கண்கள் அகலத் திறந்திருந்தன.

"மச்சான்... மே மாசத்திலயும் பனி கொட்டுமா? எங்கயும் ஒரே வெள்ளையா இரிக்கு."

வெளியே பளீரென்ற வெயில். தெருமரங்கள் பச்சைப்பசேலென்று நின்றன.

சச்சிதானந்தன் தொலைபேசிக்குப் பாய்ந்தான். மேல்மாடி இக்னேசியஸ் ரக்ஸி ஓடுபவர். விடுமுறையில் வீட்டில் இருந்தார்.

"அண்ணை, காரை எடுங்கோ! கேள்வி வேண்டாம்!"

மூச்சு இழுத்து இழுத்து விட்டவனைப் பின்சீற்றில் கிடத்தினார்கள். இக்னேசியஸ் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை.

"என்னத்தையடா குடிச்சவன்?"

"பிளேன் எண்ணெய் அண்ணை."

"கடவுளே! அதுக்கு என்ர வீட்டில வந்து கேட்டிருக்கலாமே. அலுமாரியில அரைப் போத்தில் கிடக்குது."

"உங்களிட்டக் கேட்டா..." இராசதுரை கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தான். "ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்."

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்ட முதற் கேள்வி: எவ்வளவு குடித்தார்? சச்சிதானந்தன் ஜாக்கெற் பையிலிருந்து வெள்ளைப் போத்தலை எடுத்து நீட்டினான். டொக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கேள்வி: எப்போது?

"நேற்றுப் பின்னேரம், நான் வேலையில் நின்றபோது."

"காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை?"

காலையில் சச்சிதானந்தன் பித்தளைக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

கட்டிலுக்கு மேல் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். அதற்குள் இருப்பது என்ன என்று இக்னேசியஸ் நேர்ஸிடம் கேட்டுவிட்டு, வெளிறிப்போய் வந்தார்.

"தம்பி, அது சாராயமாம். நல்ல அல்ககோல். கெட்டதை முறிக்க அதுதான் மருந்தாம்."

நகரம் முழுக்கப் போத்தல் கடைகள் பூட்டிக் கிடந்த நாளில் இராசதுரையின் நரம்புக்குள் சொட்டுச் சொட்டாகச் சாராயம் இறங்கியது.

உயிர் தப்பியது. கண் தப்பவில்லை. வியாழக்கிழமை டொக்டர் அவன் முகத்துக்கு நேரே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அவன் தோளைத் தட்டினார். இராசதுரைக்கு விளங்கிவிட்டது.

"மச்சான்."

"சொல்லு."

"நாளைக்கு அவள் வாறாள். குடிச்ச எண்டு தெரிஞ்சா புள்ளயையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாள். அங்க ஆமி ஷெல் அடிக்கிறான்டா. போகவிடாத."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"உன்ர தாங்கி ஒழுகிச்செண்டு சொல்லு. வெடிச்சிக் கண்ணில அடிச்செண்டு சொல்லு."

சச்சிதானந்தன் போர்வையை இழுத்து அவன் நெஞ்சுவரை மூடினான்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்திலிருந்து இக்னேசியஸ் அவர்களை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். வழியில் அவர் வாய் திறக்கவில்லை. தவமலர் மெலிந்து கறுத்திருந்தாள். இரவல் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவள் கையைப் பிடித்தபடி சுகந்தி.

வாசலிலேயே சச்சிதானந்தன் மறித்தான்.

"தங்கச்சி, என்ர பிழை. விளையாட்டுப் பிளேனுக்கு எண்ணெய்த் தாங்கி பூட்டினனான். சரியாப் பூட்டேல்லை. ஒழுகி, வெடிச்சு, அவன்ர கண்ணில..."

தவமலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சாரா?"

"இல்லை. ஒரு துளி தொடேல்லை."

"உங்கட விளையாட்டுச் சாமானுக்கா என்ர மனிசன்ர கண்ணைக் குடுத்தீங்க?"

அவன் தலையைக் குனிந்தான். இனி இந்த ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள்.

அவள் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். காலடிச் சத்தம் கேட்டு இராசதுரை எழுந்து உட்கார்ந்தான். முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் நீட்டினான்.

"சுகந்தி, வாங்க மகள், அப்பாக்கிட்ட வாங்க."

கைகள் ஜன்னல் பக்கம் நீண்டிருந்தன. பிள்ளை கதவுப் பக்கம் நின்றாள்.